கையுறை மாற்ற மறந்த விஞ்ஞானிக்கு

தவளைக் குலத்தின் தலைமை மருத்துவரான என் அக்கா மகளுக்கு,

நேற்று ராத்திரி நீ உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்ட கதவைத் தட்டித் தட்டி என் விரல்கள் பாதி தேய்ந்துவிட்டன. மீதியை வைத்து இதை எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன்.

இரண்டு குளத்துத் தவளைகளிலும் வைரஸின் மரபணு அச்சு அசலாக ஒன்றே, நோய் குளம்விட்டுக் குளம் பரவியிருக்கிறது என்று நேற்று நீ படம் போட்டுக் காட்டியதும் அரங்கமே கைதட்டியது. நான் தட்டியதில் கூரை ஓரடி உயர்ந்தது. அப்போதுதான் நீ மைக்கைப் பிடித்தாய். "இதை நம்பாதீங்க. இப்பத்தான் உறைக்குது. முதல் குளத்துல போட்ட கையுறையோடவே அடுத்த குளத்துத் தவளையையும் பிடிச்சிட்டேன். வைரஸைக் கொண்டுபோனதே என் கையா இருக்கலாம்" என்றாய்.

எனக்கு வைரஸும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் தனக்கு விழுந்த கைதட்டலைத் தானே நிறுத்திய ஆளை ஈரேழு உலகத்திலும் நேற்றுதான் பார்த்தேன். உன் அம்மாதான், "இதுக்கா இத்தனை நாள் சேத்துல கிடந்தா?" என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாள்.

உன் பேராசிரியர் போன் செய்தார். "வேலையை விடுறேன்னு எழுதி அனுப்பியிருக்கா. கிழிச்சுப் போட்டுட்டேன். மறுபடி முதல்லேருந்து சாம்பிள் எடுக்கணும், எப்ப வருவா?" என்றார்.

குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பிவிட்டாள் என்று சொல்லிவிட்டேன். நான் அவிழ்த்துவிட்ட புளுகுகளில் இது ஒன்றையாவது உண்மையாக்கிவிடு, தாயே.

வாசலில் செருப்போடு நிற்கும்,
உன் தாய்மாமன்