ஹெட்மாஸ்டர் குடித்த மூன்று கிளாஸ்

மே 6, 1979, ஞாயிறு

அக்னி நட்சத்திரம். காரைக்கால் கோட்டுச்சேரி முழுக்கப் புழுக்கம். ஃபேன் சுற்றுகிறது, காற்றைத்தான் காணோம். மத்தியானம் மாங்காய் போட்ட சங்கரா மீன் குழம்பு. இரண்டாம் முறை சோறு வாங்கியதும் அம்மா ஆரம்பித்துவிட்டாள். "பொண்ணு பாக்க வர்ற நேரத்துல இப்படி அள்ளித் தின்னா புடவை எப்படிடி இடுப்புல நிக்கும்?" மூன்றாம் முறை வாங்கவில்லை. சட்டியை வழித்ததோடு சரி.

வருகிற ஞாயிறு வருகிறார்கள். மாயவரம். பையன் பெயர் ராகவன், கூட்டுறவு வங்கியில் வேலை. பூப்பந்து ஆட்டக்காரர் என்கிறார் தரகர். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் தலையாட்டினேன். காலேஜ் டீமில் முன்வரிசையில் ஆடியவள் நான். கல்யாணமாகி வருகிறவனுக்குக் குறைந்தபட்சம் ஸர்வீஸ் போடவாவது தெரிந்திருக்க வேண்டாமா?

பையனின் அப்பா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். இனி ஹெ.மா. மதுவிலக்குக் கூட்டங்களில் மேடையேறிப் பேசுகிறவராம். எப்படிக் காரைக்காலில் பெண்ணெடுக்கத் துணிந்தாரோ.

என் நிபந்தனை ஒன்றுதான், அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஆபீஸ் வேலையை விடமாட்டேன். பரீட்சை எழுதி, மூன்றாவது தடவையில் கிடைத்த வேலை. "அதெல்லாம் அவங்க சொல்றதுடி" என்றாள். அவர்கள் விடச் சொன்னால், பையன் எவ்வளவு நன்றாகப் பந்தடித்தாலும் எனக்கு வேண்டாம்.

மே 8, செவ்வாய்

வெயில். ஆபீஸில் தபால் குறைவு, வம்பு அதிகம்.

பக்கத்து மேஜை மேரி ஒரு கட்டு பிரெஞ்சுப் பத்திரிகை கொண்டுவந்தாள். அவளுடைய மாமா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு, இப்போது பென்ஷனும் பழைய பேப்பருமாக இருக்கிறார். "கடையில போட்டா பொட்டலம் மடிப்பான். நீயாவது படம் பாரு." எனக்கு பிரெஞ்சில் 'போன்ழூர்' தவிர ஒன்றும் தெரியாது. படம் பார்க்க அது எதற்கு?

கிடைத்தவை:
சைக்கிள் பந்தயம், இரண்டு பக்கம். ஜெயித்தவன் அழுகிறான், தோற்றவன் சிரிக்கிறான். அல்லது நான்தான் மாற்றிப் புரிந்துகொண்டேன்.
ஒரு நடிகை, கிராப்புத் தலையுடன். அம்மா பார்த்துவிட்டு, "பாவம், டைபாய்டு போல."
பெயர் தெரியாத பாட்டுக்காரர்கள் நாலு பேர். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு சட்டை பட்டன் போட்டிருக்கிறது.
நடுப்பக்கத்தில் உயரமான மூன்று கிளாஸ். அடியில் சிவப்பு, நடுவில் மஞ்சள், மேலே நுரை. விளிம்பில் எலுமிச்சை வில்லை.

அந்தக் கிளாஸில் இருப்பது காக்டெய்ல் என்றாள் மேரி. ரம்மும் இன்னும் என்னென்னவோவும் கலப்பதாம். ரம் இல்லாமல் இந்த நிறம் வராதா என்று அப்போதிருந்தே யோசனை. இரண்டு பைலில் தப்பு நம்பர் போட்டேன்.

சாயங்காலம் மேரி வீட்டுக்குப் போனேன். சொல்தாமார் மணலில் இரும்புக் குண்டு எறியும் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். எறிவது ஒரு நிமிஷம், எது கிட்டே விழுந்தது என்று நூல் பிடித்துச் சண்டை போடுவது அரைமணி. சத்தியமாக, நான் பார்த்ததிலேயே நல்ல விளையாட்டு.

மே 11, வெள்ளி

ஆபீஸுக்கு அரைநாள் லீவு. காரணம்: தலைவலி. உண்மைக் காரணம்: பீட்ரூட்.

முதல் தடவை எல்லாம் கலங்கி ரசமாகிவிட்டது. இரண்டாம் தடவை பிடிபட்டது. பீட்ரூட் சாற்றில் சர்க்கரையைக் கொட்டிப் பாகாக்கினால் அடியில் நிற்கிறது. அதன்மேல் எலுமிச்சை, இஞ்சிச் சாறு, மிளகு ஒரு சிட்டிகை, கரண்டியின் முதுகில் வழியவிட்டு. மேலே கோலி சோடா. விளிம்பில் வில்லை. பத்திரிகைப் படம் அப்படியே! சந்தோஷத்தில் தனியாகக் கை தட்டிக்கொண்டேன்.

ஐஸுக்குத் தம்பி சேகர் கருக்களாச்சேரிக் குப்பத்துக்கு சைக்கிளில் போனான். மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸ். "நல்லா கழுவிட்டேன்க்கா." கழுவினானாம். கிளாஸில் லேசாக நெத்திலி வாசனை. ஞாயிற்றுக்கிழமைக்கு டவுனிலிருந்து வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு இருமினார். இஞ்சி தூக்கல். "நல்லாருக்கும்மா. எதுக்கு இது?"

இந்த வெயிலில் வருகிறவர்களுக்குக் கொதிக்கக் கொதிக்கக் காபி கொடுப்பதைவிட இது மேல் என்றேன். அம்மாதான் சரியாகச் சொன்னாள். "காரைக்கால்ல கிளாஸ்ல எது குடுத்தாலும் வெளியூர்க்காரன் ஒண்ணுதான்டி நெனைப்பான்."

அதுவும் உண்மைதான். தமிழ்நாட்டில் மதுவிலக்கு, இங்கே கடை திறந்து கிடக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் பாதிப் பேருக்கு இப்போதெல்லாம் திருநள்ளாறு சனீஸ்வரன்மேல் பக்தி முற்றிவிட்டது. கும்பிட்டுவிட்டு ஆண்கள் மட்டும் 'பஜாரைப் பாத்துட்டு' வருவார்கள். திரும்பும்போது வாய் நிறைய வெற்றிலை. ஆனால் மதுவிலக்கு மேடைக்காரர் அப்படியெல்லாம் நினைப்பாரா என்ன?

மே 13, ஞாயிறு

நினைத்தார்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் எனக்கே நாளைக்கு நம்பிக்கை இருக்காது.

வந்தவர்கள்: ஹெ.மா., அவர் மனைவி, ராகவன், ராகவனின் அத்தை. கேசரி, வாழைக்காய் பஜ்ஜி. பஜ்ஜி நானே போட்டது, மொறுமொறு. அத்தை நாலு தின்றுவிட்டு "எண்ணெய் குடிச்சிருக்கு" என்றாள்.

தட்டில் கிளாஸ்களை வைத்துக்கொண்டு வந்தேன். ஹெ.மா. என் அப்பாவைப் பார்த்தார், கிளாஸைப் பார்த்தார். அப்பா வெள்ளந்தியாக, "எடுத்துக்குங்க, உங்களுக்காகத்தான் பண்ணுனது. எங்க ஊர் பக்குவம்" என்றார். அந்த 'எங்க ஊர்'தான் வினை. ஹெ.மா. முகத்தில் வியர்வை. மறுத்தால் மரியாதை இல்லை என்று நினைத்தாரோ என்னவோ, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். இஞ்சி தொண்டையில் இறங்கியது. "எரியுதே" என்றார். பிறகு மெதுவாக, "நல்லாத்தான் இருக்கு." இரண்டாவது கிளாஸை அவரே எடுத்தார். மூன்றாவதாகக் குடித்தது அத்தைக்கு வைத்தது.

அதன்பிறகு மனுஷர் துண்டை இடுப்பிலிருந்து தலைக்கு மாற்றிக் கட்டினார். நாக்கு குழறியது. சோடாவுக்கு நாக்கு குழறிப் பார்த்தது இன்றுதான்.

"எல்லாரும் கேட்டுக்குங்க" என்றார், மேடைக் குரலில். "இவ டீச்சரா இருந்தா. என்னைவிட நல்லா கணக்கு சொல்லிக் குடுப்பா. கல்யாணம் ஆனதும் நாந்தான் வேலைய விட வெச்சேன். ஏன் தெரியுமா? பொறாமை!" மனைவியைக் காட்டி விரல் ஆடியது. "அன்னேலேர்ந்து சாம்பார்ல உப்பு இல்லன்னு மட்டுந்தான் அவகிட்ட பேசிட்டிருக்கேன்."

அந்த அம்மா வாயில் வைத்த பஜ்ஜியை மெல்லவில்லை.

"இந்தப் பொண்ணு வேலைய விடக் கூடாது. மாயவரத்துலேர்ந்து என் பையன் பஸ்ல வந்து போகட்டும். அவனுக்கு என்ன, காலா இல்ல?" சொல்லிவிட்டு அழுதார். அத்தை, "அண்ணே, ஊத்திக் குடுத்துட்டாங்கண்ணே, எந்திரிங்கண்ணே" என்று தோளைப் பிடித்து இழுத்தாள்.

ராகவன் மட்டும் தன் கிளாஸைப் பாதி குடித்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார். "பீட்ரூட்தானே?" ஆமென்றேன். "சொல்லிடாதீங்க. வீட்டு விஷயத்தை அப்பா இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை."

நானும் ஒரு கேள்வி கேட்டேன். பூப்பந்தில் எந்த இடம்?

"ஆட மாட்டேங்க. ஸ்கோர் போடுவேன். தரகர்தான் ஆட்டக்காரர்னு ஆக்கிட்டார்."

பந்து அடிக்கத் தெரியாதவர். பொய் சொல்லவும் தெரியாதவர். பிடித்திருக்கிறது, என்ன செய்ய.

மே 14, திங்கள்

சாரல் மாதிரி நாலு தூறல், அப்புறம் இரண்டு மடங்கு புழுக்கம். மேரியிடம் சொன்னேன். சிரித்ததில் அவளுக்குப் புரையேறியது, எழுத்தர் ஒருவர் ஓடிவந்து முதுகில் தட்டினார். "எங்க மாமா உண்மையான சரக்கு குடிச்சே இப்படிப் பேசுனதில்ல" என்றாள்.

மத்தியானம் தயிர்சாதம், வடுமாங்காய். சாப்பிட முடியவில்லை. நானா? சாப்பிட முடியவில்லை.

மே 17, வியாழன்

தரகர் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டார். பெண் பிடித்திருக்கிறதாம். ஆனால் அன்று ஹெ.மா. பேசியது எதுவும் செல்லாதாம், அவருக்கு ஏதோ கலந்து கொடுத்துவிட்டார்களாம். வேலையை விட்டுவிட்டால் ஆவணியில் முகூர்த்தம். "வெளிய மூச்சு விட்றாதீங்க. அவரு குடிச்சாருன்னு தெரிஞ்சா மாயவரத்துல தலை காட்ட முடியாது."

கலந்தது எலுமிச்சை என்று அப்பா சொல்ல வாயெடுத்தார். அம்மா முந்திக்கொண்டாள். "ரெண்டு சொட்டு பிராந்தி விட்டோம்னு சொல்லிடுங்க. அவரு மானமும் தப்பும், நம்ம பொண்ணு கல்யாணமும் நடக்கும். சோடாவுக்கா ஒரு மனுஷன் இந்த ஆட்டம் ஆடுனாருன்னா அவரால தாங்க முடியுமா?"

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதுதான் கோபம். பிராந்தி என்றால் ராகவன் உண்டு, வேலை போச்சு. சோடா என்றால் வேலை உண்டு, ராகவன் அநேகமாகப் போச்சு. நான் போய்க் கிணற்றடியில் துணி துவைத்தேன். துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். ராகவனை ஒரே ஒருமுறைதான் பார்த்தேன், இவ்வளவு வலிக்கக் கூடாது.

மே 20, ஞாயிறு

வெயில். காலையில் இட்லி, பூண்டுச் சட்னி. பத்து மணிக்கு வாசலில் குடை. ஹெ.மா., தனியாக, பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார்.

உட்காரவில்லை. அப்பாவிடம்கூட அல்ல, நேரே என்னிடம். "அம்மாடி, அன்னைக்கு எனக்கு என்ன குடுத்த? உள்ளதைச் சொல்லு. இங்க வந்துட்டுப் போன நாள்லேர்ந்து வீட்டுக்காரி என்கூடப் பேசல. ஒரே கேள்விதான். 'அன்னைக்குச் சொன்னது நீங்களா, பிராந்தியா?'"

அம்மா அவருக்குப் பின்னால் நின்று எனக்குக் கண்ணைக் காட்டினாள். பிராந்தி, பிராந்தி என்று வாயசைத்தாள். ஒரு சொல்தான், சொல்லிவிட்டால் ஆவணியில் மேளம்.

"உள்ள வாங்க சார்" என்றேன்.

அடுக்களையில் முக்காலி போட்டு உட்கார வைத்தேன். அவர் கண்ணெதிரே பீட்ரூட்டைத் துருவினேன், பிழிந்தேன். இஞ்சியை நசுக்கினேன். எலுமிச்சையை அவரையே அறுக்கச் சொன்னேன், கோணலாக அறுத்தார். சோடா பாட்டில் கோலியையும் அவர்தான் தட்டினார். கிளாஸை முகர்ந்தார், குடித்தார். முழங்காலில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தார். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

"ஏறவே இல்லையே" என்றார்.

"ஏறாது சார். அதுல ஒண்ணும் இல்ல."

"அப்ப அன்னைக்கு அதெல்லாம் நானேதான் பேசுனேனா?"

நான் ஆமென்று தலையசைத்தேன். இன்னும் ஒரு வாய் குடித்தார். கண் கலங்கியிருந்தது. இஞ்சி என்று சொல்லிக்கொள்ளலாம், அவர் சொல்லவில்லை.

"வேலை உன்னுதும்மா. அதைப் பத்திப் பேச எனக்கு ஒண்ணுமில்ல." எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "இதை ஒரு பாட்டில்ல ஊத்திக் குடேன். அவளுக்கும் காட்டணும். வெறுமனே சொன்னா நம்ப மாட்டா."

ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி நிறைய ஊற்றிக் கொடுத்தேன். சிவப்பென்றால் அப்படிச் சிவப்பு. அப்பாவுக்குத்தான் திடீரென்று பகீரென்றது. "ஐயா, எல்லையில போலீஸ்காரன் பஸ்ஸுல ஏறிப் பையெல்லாம் துழாவுவானே. இந்தக் கலரைப் பாத்தா விடுவானா?"

ஹெ.மா. குடையை விரித்தார், பாட்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "அவன் முன்னாடியே குடிச்சுக் காட்டுறேன். மறுபடி பேச்சு வந்துச்சுன்னா அவனும் கேட்டுக்கட்டும்."