தண்ணீர் குடிக்காததைத் தவம் என்று எழுதினேன்

அன்பு மாப்பிள்ளை ஜெயசீலா,

உன் மகள் ரூத் நேற்று மதியத்திலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. நாளைக் காலை பல்கலைக்கழகக் கபடி அணிக்கு எடை பார்க்கிறார்கள். ஒன்றரைக் கிலோ கூடுதலாக இருக்கிறாள். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு சாத்தூர் வெயிலில் இருக்கன்குடி சாலைவரை ஓடிவிட்டு இப்போதுதான் வந்தாள். புளிப்பு மிட்டாயை வாயில் அடக்கி, ஊறுகிற எச்சிலை ஒரு பாட்டிலில் துப்பிக்கொண்டிருக்கிறாள். முழங்கால் வலிக்கு இரண்டு மாத்திரையும் போட்டிருக்கிறாள்.

இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன்.

"நீங்கதான் மாமா," என்று சுவரைக் காட்டினாள். உன்னைப் பற்றி நான் பத்திரிகையில் எழுதிய கட்டுரையை ஒட்டி வைத்திருக்கிறாள்.

அச்சங்குளத்தில் பட்டாசு கம்பெனி ஆட்களோடு ஆடிக்கொண்டிருந்தவன் நீ. கல்லூரியில் மூன்று ஆண்டும் நீதான் முதல் ரெய்டர். பிறகு ஊர் ஊராக ஆடி, தொழில்முறை லீக் வந்ததும் அதிலும் இடம் பிடித்தாய். ஏழு பேர் நடுவே மூச்சடக்கிப் பாடிப் போய், இடது காலை நீட்டித் தொட்டுவிட்டு நீ கோட்டுக்குத் திரும்புவதைப் பார்க்க, லோடு ஏற்றுகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டு டிவி முன்னால் நின்றார்கள். எடை பார்ப்பதற்கு முந்தைய இரண்டு நாளும் நீ தண்ணீர் தொட மாட்டாய். அதைத் தவம் என்று எழுதினேன். தலைப்பும் அதுதான்.

வலி ஊசியைப் பற்றி எழுதவில்லை. என் கண் முன்னால்தான் முழங்காலுக்குப் போட்டுக்கொண்டாய்.

"எழுதிறாதீக மச்சான். அடுத்த சீசனுக்கு எடுக்க மாட்டாக. ஒங்க தங்கச்சிகிட்டயும் மூச்சு விடாதீக. நர்ஸம்மா ஆஸ்பத்திரியவே கூட்டிட்டு வந்துருவா."

நானும் சிரித்தேன். முப்பது வருட நிருபர், என்ன மருந்து என்றுகூடக் கேட்கவில்லை. வறண்ட உடம்பில் அது சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதை மதுரை டாக்டர் சொல்லித்தான் அறிந்தேன். அதற்குள் இரண்டும் போயிருந்தன.

ரூத்திடம் நீ போனது சர்க்கரை நோயால் என்று சொல்லிவிட்டோம். அப்பா மேல் உள்ள பெருமை குறைந்துவிடக் கூடாது என்று நினைத்தோம். யாருக்காக நினைத்தோம், மாப்பிள்ளை?

வார்டிலிருந்து உன் மனைவி போன் செய்தாள். "அண்ணே, டூட்டிய விட்டு வர முடியல. அவ வாயில ரெண்டு மடக்கு ஊத்துங்க. நீங்க எழுதுனதுதானே, நீங்களே அழிங்க."

தம்ளரை ரூத் முன்னால் வைத்தேன். அவள் தள்ளி வைத்தாள்.

"அப்பா இதனாலதான் செத்தாகன்னு அம்மா இன்னைக்குப் புதுசாச் சொல்லுது. பயமுறுத்துது. நெசமா இருந்தா நீங்க அப்பவே எழுதியிருப்பீகள்ல மாமா?"

பக்கத்து அறைக்கு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் துப்புகிற சத்தம் கேட்கிறது. நான் சொன்னால் இனி நம்புவாளா? நீயாக இருந்தால் எப்படி ஆரம்பிப்பாய்?

கட்டுரை வந்த அதே பக்கத்தில் இந்தக் கடிதமும் வரும். அதற்கு முன் இப்போதே எடுத்துப்போய், ஊசியையும் விடாமல் அவளுக்குப் படித்துக் காட்டுவேன். அப்படியும் குடிக்காவிட்டால் அவளுடைய பயிற்சியாளரிடம் நானே போய்ச் சொல்வேன். அணியில் இடம் போகும். அதன் பிறகு அவள் என்னை மாமா என்று கூப்பிட மாட்டாள். கூப்பிடாமலே நூறு வயது இருக்கட்டும்.

உன் பிள்ளைக்குத் தாய்மாமன்,
உனக்கு மச்சான்