கை தூக்கியது ஜன்னலுக்காக

ஜனவரி 9, செவ்வாய்

சங்கக் கூட்டம். புத்தாண்டுக்கு முன்பு ஊர்ச் சங்கத்தில் நாங்கள் சுட்டு விற்ற ஒலிபோலன் என்ற மாவுருண்டைப் பலகாரப் பணத்தில், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் பெட்டி ஒன்று வாங்கியாகிவிட்டது. விளையாட்டுக் கூடத்தின் வெளிச்சுவரில் மாட்டியிருக்கிறார்கள். ஊரில் யாருக்காவது இதயம் நின்றுபோனால், பெயர் கொடுத்த தொண்டர்கள் எல்லோருடைய கைபேசிக்கும் அழைப்பு வரும். லேயுவார்டன் நகரத்திலிருந்து ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் அவர்கள் ஓட வேண்டும். "யார் யார் வர்றீங்க?" என்று தலைவர் ரீன்டர் கேட்டார். அந்த நேரம் பார்த்து நான், கழுத்தில் குளிர்காற்று அடிக்கிறதே, ஜன்னலைச் சாத்தலாமா என்று கேட்கக் கையைத் தூக்கினேன்.

"சபாஷ் நீன்கே! பாருங்கய்யா, வாயே தொறக்காத பொம்பள, மொத ஆளா கை தூக்குது!"

எல்லோரும் கைதட்டினார்கள். ஜன்னல் கடைசி வரை திறந்தே கிடந்தது.

ஜனவரி 10

என் கணவன் ஹார்மெனிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறியது. "ஊசி குத்தினாலே நாற்காலிய தேடுற ஆளு நீ. விழுந்து கெடக்கிறவன் எழுந்து வந்து உன் மூஞ்சில தண்ணி தெளிக்கணும்."

நாளைக்கே ரீன்டரிடம் முடியாது என்று சொல்லிவிட வேண்டும்.

ஜனவரி 13

சொல்லவில்லை. ரொட்டிக் கடையில் அவர் மனைவி பௌக்யேவைப் பார்த்தேன். அவளிடமாவது சொல்லி அனுப்பலாம் என்று வாயெடுத்தேன். "வீட்டுல ரெண்டு நாளா உன் பெருமைதான்" என்றாள். ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜனவரி 27

பயிற்சி. ரப்பர் பொம்மை. நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற சிப்கே சொல்லிக்கொடுத்தார். நான் அழுத்துவது போதவில்லையாம். "பொம்மைக்கு வலிக்குமேன்னு பாக்கறியா? நல்லா அழுத்து. எலும்பு ஒடைஞ்சாலும் நிறுத்தாத."

உடையுமா? உடையுமாம். சத்தமும் கேட்குமாம்.

ரீன்டர் பாடிக்கொண்டே தாளம் தப்பாமல் அழுத்தினார். எல்லோருக்கும் சான்றிதழ். எனக்கும்!

பிப்ரவரி 2

கைபேசியைக் கழிவறைக்குக்கூடக் கொண்டு போகிறேன். பால் குக்கர் கூவினாலும் கைபேசியைத்தான் எடுத்துப் பார்க்கிறேன்.

பிப்ரவரி 8

எதற்குப் பயம்? ரத்தத்துக்கா, சாவுக்கா? இரண்டும் இல்லை. நான் போய் நிற்பேன், கை எழாது, அந்த வீட்டு மனிதர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள் — அதுதான்.

பிப்ரவரி 15

அழைப்பு வந்தது. ஆனால் நான் லேயுவார்டனில் அக்கா வீட்டில் இருந்தேன். சிப்கே போனார். பால் பண்ணையில் வேலை செய்பவர் ஒருவர், பிழைத்துக்கொண்டாராம்.

கைபேசி அலறியதும் எனக்கு முதலில் தோன்றியது: அப்பாடா, தூரத்தில் இருக்கிறேன். விழுந்தது யார் என்றுகூட நினைக்கவில்லை. என்ன ஜென்மம் நான்?

மார்ச் 6

இன்று எழுத முடியாது.

மார்ச் 7

நேற்று மதியம், என் திரைச்சீலைக் கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிட வீட்டுக்குக் கிளம்பினேன். கைபேசி அலறியது. முகவரியைப் பார்த்தேன். ரீன்டர் வீடு. இரண்டு தெரு தள்ளி.

சிப்கே போவார் என்று நினைத்தேன். சிப்கே மகளைப் பார்க்க க்ரோனிங்கன் நகருக்குப் போயிருந்தது பிறகுதான் ஞாபகம் வந்தது. சைக்கிளை மிதித்தேன். வேற யாராவது வந்திருக்கணும், கடவுளே, வேற யாராவது — வழி முழுக்க இதுதான்.

முன்கதவு அகலத் திறந்திருந்தது. சமையலறையில், மேசைக்கும் அடுப்புக்கும் நடுவே பௌக்யே மல்லாந்து கிடந்தாள். முகம் சாம்பல் நிறம். அடுப்பில் பட்டாணி சூப் அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. ரீன்டர் குளிர்பெட்டியில் சாய்ந்து நின்றார். கையில் இருந்த போனில் அவசர உதவிக்காரி கத்திக்கொண்டிருந்தாள்: "ஐயா, அழுத்துறீங்களா? ஐயா, கேக்குதா?" அவர் அவள் சொல்வதையும் கேட்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. பொம்மை மேல் பாடிக்கொண்டே அழுத்திய அதே மனிதர்.

"ரீன்டர், நகருங்க." என் குரலா அது?

மண்டியிட்டேன். அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் கைக்கு அடியில் ஒடஞ்சது. சத்தம் கேட்டுச்சு, சொன்ன மாதிரியே. எழுந்து ஓடிடலாம்னு இருந்துச்சு. ஐயோ ஒடச்சிட்டேன், ஒடச்சிட்டேன்னு கத்திக்கிட்டே அழுத்தினேன். நிறுத்தல. எப்படி நிறுத்தாம இருந்தேன்? தெரியல.

ரொட்டிக் கடைக்காரன் இட்ஸ் மின்னதிர்ச்சிப் பெட்டியோடு ஓடி வந்தான். விலகச் சொல்லிப் பெட்டி பேசியது. அவள் உடம்பு தூக்கிப்போட்டது. மறுபடி அழுத்தினோம், மாற்றி மாற்றி. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து என் தோளைப் பிடித்து இழுத்த பிறகுதான் கையை எடுத்தேன். நாடி வந்துவிட்டது என்றார்கள்.

அவளைத் தூக்கிக்கொண்டு போகும்போது ரீன்டர் முதல் முறையாக வாய் திறந்தார். "அடுப்ப அணைக்கட்டுமா?"

நான்தான் அணைத்தேன்.

மார்ச் 9

ஆஸ்பத்திரியில் பௌக்யேவை மருந்து கொடுத்துத் தூங்கவைத்திருக்கிறார்களாம். எழுப்பும்போது அவளுக்கு யாரையாவது அடையாளம் தெரியுமா? இதயம் மட்டும் திரும்பி வந்து, அவள் வராமல் போனால்? அப்படி ஒரு பௌக்யேவை ரீன்டரிடம் கொடுத்தவள் நான்தானே?

"நீ போகலன்னா அவ நேத்தே போயிருப்பா" என்றான் ஹார்மென்.

"நேத்து இல்ல. புதன்கிழமை."

அழுதேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். கேலி எதுவும் பேசவில்லை.

மார்ச் 12

ரீன்டர் கடைக்கு வந்தார். வேறு யாரும் இல்லை. துணி மாதிரிகள் தொங்கும் இடத்தில் போய் நின்றுகொண்டார்.

"நாம ரெண்டு பேரும் சேர்ந்து காப்பாத்தினோம்னு ஊர்ல பேசிக்கிறாங்க. நானும் ஆமான்னு தலையாட்டிட்டேன்."

நான் அளவு நாடாவைச் சுருட்டினேன்.

"நீ வர்ற வரைக்கும் நான் தொடவே இல்ல நீன்கே. கால் நகரல. அத்தன வருஷம் கூட வாழ்ந்தவ, கண்ணு முன்னாடி கெடக்கா... நான் பாத்துக்கிட்டு நிக்கறேன்."

அந்தப் பெரிய குரல் எங்கே போனது? எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"கதவ தொறந்து வச்சது யாரு?" என்று கேட்டேன்.

"நான்தான்."

"போன் போட்டது?"

"நான்."

"அப்புறம் என்ன?"

வெல்வெட் துண்டு ஒன்றை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். "அவ கண்ணு முழிச்சா சொல்லணும், இல்ல?" என்றார்.

மார்ச் 15

முழித்துவிட்டாள். "என் மேல டிராக்டர் ஓட்டினது யாரு?" என்று கேட்டாளாம். ஹார்மென் போனில் சொன்னான். சிரித்தேன். உடனே பின்கட்டுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

சங்கக் கூட்டம். பௌக்யே நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு வந்திருந்தாள். இருமினால் இன்னும் வலிக்கிறதாம். கணக்கு வழக்கு முடிந்ததும் ரீன்டர் எழுந்தார்.

"அன்னிக்கு நான் ஒண்ணும் செய்யல. பயந்துபோய் நின்னுட்டேன். அழுத்தினது நீன்கே. இதைச் சொல்லாம என்னால இந்த நாற்காலில உக்கார முடியல."

நான் என் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் வீட்டுக்கு வந்த அன்னிக்கே எங்கிட்ட சொல்லியாச்சு" என்றாள் பௌக்யே. "உக்காருங்க, காப்பி ஆறுது."

சிப்கே தொண்டையைச் செருமினார். "சனிக்கிழமை மறுபடி பயிற்சி வச்சிருக்கேன். ரீன்டர், பத்து மணிக்கு வந்துடு. பாட்டெல்லாம் வேணாம்."

என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் இன்று போனேன். மனப்பாடம்கூடச் செய்து வைத்திருந்தேன். கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிவிட்டு வந்துவிட்டேன்.

மே 14

காலையில் ஒரு வாடிக்கையாளருக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. கால்வாய்ப் பாலத்தடியில் சைக்கிளிலிருந்து விழுந்த முதியவர். வெளியூர்க்காரர் போல. போகும் வழியெல்லாம் பயம்தான், போன தடவை மாதிரியே. சிப்கேயும் நானும் மாறி மாறி அழுத்தினோம். ஆம்புலன்ஸ்காரர்களும் நெடுநேரம் பார்த்தார்கள். அவருக்கு உயிர் திரும்பவில்லை. சிப்கே தன் கோட்டைக் கழற்றி அவர் மேல் போர்த்தினார்.

கடைக்குத் திரும்பினேன். வாடிக்கையாளர் போய்விட்டிருந்தார். கதவு திறந்தே இருந்தது. மேசையில் நீலத் துணி பாதிவரை வெட்டியபடி, கத்தரிக்கோல் அதிலேயே மாட்டிக்கொண்டிருந்தது. நான் எப்போது கையை எடுத்தேன் என்று ஞாபகம் இல்லை.

கை கழுவினேன். மீதியை நேராக வெட்டி முடித்தேன். கைபேசியில் சார்ஜ் குறைந்திருந்தது. போட்டுவைத்தேன்.