கழுவிய தண்ணீரில் பச்சைமலை

நவ. 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பாலக்கரையில் பஸ் வரவில்லை, ஷேர் ஆட்டோ. லேபுக்கு லேட்.

இன்றைய வேலை: ஆய்வுக்காகப் பச்சைமலை ஊர்க்காரர்களிடம் எடுத்த ரத்த செல்கள் மொத்தமும் கழுவுவது. வழியில் கெடாமலிருக்க மலையிலேயே ஃபார்மலின் போட்டுக் கொண்டுவந்தவை. ட்யூப் ட்யூபாகக் கழுவலாம் என்றிருந்தேன். லேப் பொறுப்பாளர் மேடம் விடவில்லை. "அப்படிக் கழுவினா முடியறதுக்குள்ள உங்க நோன்பே வந்துடும் பானு. பிளேட்ல போடுங்க."

பிளேட் என்றால் நிறையக் குழி, எல்லாவற்றுக்கும் சுழற்றும் மெஷினில் ஒரே சுற்று. செல் அடியில் படியும். கவிழ்த்து ஒரே உதறு, தண்ணீர் தட்டில். மறுபடி பஃபர் (கழுவும் உப்புக் கரைசல்), சுற்று, உதறு. பக்கத்து மேஜை வரதன், ஸ்ரீரங்கத்துக்காரன், தினமும் செய்கிறான். அவனிடம் சுற்றும் ஸ்பீடு கேட்டு அப்படியே வைத்தேன். மதியத்துக்குள் முடிந்தது. எனக்கே நம்ப முடியவில்லை.

நவ. 12, புதன்

செல் எண்ணும் மெஷின். முதல் குழி, ஒன்றுமில்லை. அடுத்தது, இல்லை. எங்கேயோ ஒன்றிரண்டு.

மெஷின் கோளாறா? வரதன் பிளேட்டை வைத்தால் செல் கொட்டுகிறது. பஃபரா? அதே பாட்டில். செல்லுக்குப் போட்ட சாயமா? என் கையா? ஒன்றும் விளங்கவில்லை. டிபன் டப்பா திறக்கவேயில்லை. அத்தா மருந்து வாங்கச் சொன்னார், மறந்தேன்.

வெள்ளையம்மா ஞாபகம். மலையில் ரத்தம் கொடுத்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டு, "இன்னொரு தடவை குத்த மாட்டீங்களே?"

"மாட்டோம்மா, இதோட சரி." சொன்னது நான்தான்.

நவ. 13, வியாழன்

உதறிய தண்ணீர்த் தட்டில் கிருமி சாக ப்ளீச் ஊற்றிக் கொட்ட வேண்டும், ஊற்றாமல் விட்டிருக்கிறேன். வரதன் திட்டினான். அப்புறம் என்ன தோன்றியதோ, ஒரு சொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தான்.

"பானு, இங்க வாங்களேன்."

செல்கள். அத்தனையும் தட்டில்.

"நீங்க சொன்ன ஸ்பீடுதானே வச்சேன்?"

"என்னோடது உயிரோட இருக்கிற செல்லுங்க. ஃபார்மலின் போட்டது லேசுல அடியில உக்காராது, இன்னும் வேகமா சுத்தணும். ஃபார்மலின் போட்டதுன்னு நீங்க சொல்லலையே."

அவன் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தம் கொடுத்த எல்லாரும் அதில் இருக்கிறார்கள். வெள்ளையம்மாவும்தான். எது யாருடையது என்று இனிப் பிரிக்க முடியாது.

நவ. 14, வெள்ளி

மழை விட்டது. மேடம் சத்தம் போடவில்லை, அது இன்னும் கஷ்டம். "மறுபடி எடுத்துட்டு வாங்க" என்றார், அவ்வளவுதான்.

மலை நர்ஸுக்குப் போன். "மத்தவங்ககிட்ட நான் பேசிக்கிறேங்க. வெள்ளையம்மாகிட்ட மட்டும் நீங்களே வந்து சொல்லிடுங்க."

திங்கள் காலை மலைக்குப் போக உப்பிலியபுரம் பஸ். அத்தா மருந்து வாங்கியாச்சு. வெள்ளையம்மாவிடம் என்ன சொல்வது என்று இங்கே எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன்.