எஞ்சினுக்கு அடியில் நான்கு டயர்த்துண்டுகள்

மஞ்சள் இன்னும் போகவில்லை. இன்று காலை உங்கள் சின்ன லாரியின் எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கியபோது, அதன் நான்கு கால்களுக்கும் அடியிலிருந்து நான்கு டயர்த்துண்டுகள் கழன்று விழுந்தன. கிரீசும் புழுதியும் ஏறிக் கறுத்துப் போனவை. ஒன்றைத் திருப்பித் துடைத்துப் பார்த்தேன். உள்பக்கத்தில் மஞ்சளும் குங்குமமும் அப்படியே அப்பியிருந்தன. முகர்ந்தால் ரப்பர் வாசனையோடு கோயில் வாசனையும் அடித்தது.

நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது, முதலாளி. ஊரே உங்களைப் பற்றி நல்லபடியாகப் பேசுகிறது. செத்தவரைப் பற்றி அப்படித்தான் பேசுவார்கள். உங்கள் மகன்கள் வண்டியைப் பிரித்து விற்க என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். நல்லபடியாகப் பேசுவதற்காக நான் இதை எழுதவில்லை. நீங்கள் இருந்தவரை உங்களிடம் 'சரிங்க' என்பதற்கு மேல் நான் அதிகம் பேசியதில்லை. மிச்சத்தை இப்போது பேசிவிடுகிறேன்.

அப்போது உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. பட்டாளத்தின் மோட்டார்ப் பிரிவில் இரண்டு வருஷம் ஒயரிங் வேலை பார்த்தேன். மலேரியாவில் விழுந்ததும், இனி ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மலைமேல் இருக்கும் எங்கள் எடப்புளி நாட்டுக்கே வந்து சேர்ந்தேன். மலைக்கு மேலே வண்டி ஏற வழியில்லை. எங்கள் மிளகும் பலாவும் எங்கள் தலையில்தான் அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்கு இறங்கும். அங்கிருந்து உங்கள் லாரியில் ராசிபுரம் போகும். தராசு உங்களுடையது, விலை சொல்லும் வாயும் உங்களுடையது. நாங்கள் போகவேண்டுமென்றால் மூட்டைகளுக்கு மேலே ஏறிக்கொள்ள வேண்டும். முன் சீட்டு காலியாகக் கிடந்தாலும் மூட்டைக்கு மேலேதான்.

ஒரு நாள் மழையில் நான் முன்கதவைத் திறந்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்: "பின்னால ஏறிக்க கண்ணு. மலைக்காத்துல வளந்த ஒடம்பு. ஒரு தூத்தல் ஒன்னைய என்ன செஞ்சிரும்?"

கண்ணு என்பீர்கள். சாமி என்பீர்கள். அதுதான் எனக்கு ஆகாது. வைதிருந்தால் திருப்பி வைதிருக்கலாம். கண்ணு என்பவரை என்ன செய்வது?

அந்த வருஷம் உங்கள் வண்டியின் எஞ்சின் வெடிப்பு விட்டது. சண்டைக் காலத்தில் புது எஞ்சினுக்கு எங்கே போவது? எங்கோ ஏலத்தில் ஒன்று கிடைத்தது. ஒரு நகரசபையில் மலம் அள்ளிப் போன லாரியின் எஞ்சின் அது. உங்களுக்கு அது தெரிந்தது, வாங்கிவந்த பிறகு.

திருப்பிக் கொடுக்கவும் மனம் வரவில்லை, வைத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. பூசாரியைக் கூப்பிட்டு எஞ்சினுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினீர்கள். வண்டியை அடியில் தாங்கும் இரும்புச் சட்டம் முழுக்கச் சிவப்புப் பெயிண்டை இரண்டு பூச்சுப் பூசச் சொன்னீர்கள். அப்படியும் மனம் ஆறவில்லை. "அந்த இரும்பு நம்ம இரும்புல படக்கூடாது" என்று, பழைய டயரை வெட்டி, பொட்டு வைத்து, எஞ்சினின் நான்கு கால்களுக்கும் அடியில் கொடுக்கச் சொன்னீர்கள். கியர்ப் பெட்டிக்கு அடியிலும் ஒன்று. ராசிபுரத்திலிருந்து வந்த பிட்டர் நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டுப் போனார்.

உங்கள் டிரைவர் காதர் பாய் என்னிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "எஞ்சினுக்கும் தீட்டாம்ப்பா. பெட்ரோல எவன் தோண்டுனான், எவன் தூக்குனான்னு மொதலாளிக்கு ரோசனை வந்துருச்சுன்னா, அப்பறம் மாட்டுவண்டிதான் நமக்கு."

சிரிப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. வண்டி மக்கர் செய்தது. ஸ்டார்ட்டரை மிதித்தால் எஞ்சின் முனகியது. விளக்கு மின்மினிப்பூச்சி மாதிரி எரிந்தது. பிட்டர் திரும்பி வந்து காயிலை மாற்றினார், பேட்டரியை மாற்றினார், ஒயரையெல்லாம் பிடுங்கிப் புதிதாகப் போட்டார். ஒன்றும் சரியாகவில்லை. ஸ்டார்ட்டரைத் தொடாமல், முன்னால் நின்று கைப்பிடியைப் போட்டுச் சுற்றினால் மட்டும் ஓடியது. கடைசியில்தான் காதர் பாய் சொல்லி என்னைக் கூப்பிட்டீர்கள்.

நான் ஸ்டார்ட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டுச் சோக்குக் கம்பியைத் தொட்டேன். டிரைவர் முன்னால் இருக்கும் பலகையிலிருந்து எஞ்சினுக்குப் போகும் மெல்லிய கம்பி அது. கையைச் சுட்டது. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. பேட்டரியிலிருந்து கரண்டு ஒயர் வழியாக எஞ்சினுக்குப் போகும். திரும்பி வர ஒயர் கிடையாது. எஞ்சின் வண்டிச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும், சட்டத்தின் இரும்பே அதற்குத் திரும்பும் வழி. நீங்கள் அந்த வழியில் டயரை வைத்து அடைத்துவிட்டீர்கள். போன கரண்டு வேறு போக்கில்லாமல் அந்த நூல் கம்பி வழியாக நெருக்கியடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது.

பின்னல் போட்ட செம்புப் பட்டை ஒன்றை எஞ்சினிலிருந்து சட்டத்துக்குக் கட்டினேன். கட்டும் இடத்தில் உங்கள் சிவப்புப் பெயிண்டை இரும்பு தெரியச் சுரண்டினேன். காதர் பாய் மிதித்தார். ஒரே மிதியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

நீங்கள் வெற்றிலையை மென்றபடி வந்தீர்கள். குனிந்து பட்டையைப் பார்த்தீர்கள்.

"இது என்ன கண்ணு?"

"எஞ்சின் சட்டத்தத் தொடோணுமுங்க. அதுக்குத்தான்."

"தொடோணுமா?"

"ஆமாங்க. தொட்டாத்தான் கரண்டு திரும்புமுங்க."

நீங்கள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். "இந்த வண்டியில கோயில் நெல்லு போவுது, சாமி. முந்தியும் கைப்பிடி போட்டுச் சுத்துனா ஓடுச்சுல்ல? அது போதும். அவுத்துரு" என்றீர்கள்.

அவிழ்த்தேன். பட்டையைச் சுருட்டி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். காதர் பாய் தெரு முனைவரை என் பின்னாலேயே வந்தார்.

"ஏம்ப்பா, இப்படியே ஓட்டுனா என்னாகும்? நா என்ன பண்ணோணும்?"

"ஒங்க மொதலாளியக் கேளுங்க பாய்" என்றேன்.

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கைப்பிடி போட்டுச் சுற்றும்வரை வண்டி ஓடும். ஸ்டார்ட்டரை அழுத்தி நாலு தரம் மிதித்தால் அந்தக் கம்பி சிவந்து அறுந்துவிடும். அறுந்த பிறகு கரண்டு திரும்ப அந்த வழியும் இல்லை, எந்தக் கைப்பிடியாலும் உயிர் வராது. 'ஸ்டார்ட்டரை மிதிக்காதீங்க பாய்' என்று சொன்னால் போதும். நான் சொல்லவில்லை. அறுகட்டும் என்றுதான் நினைத்தேன். பட்டு வேட்டியோடு நீங்கள் ஏதாவது கல்யாணத்துக்குப் போகும்போது நடுரோட்டில் அறுகட்டும், அப்போது என்னைத் தேடி ஆள் விடட்டும் என்று நினைத்தேன். மலை ஏறும்போது அதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

மறு மாதம் நான் சேலத்தில் வேலை தேடி அலைந்துகொண்டிருந்தேன். அப்போது அக்காவுக்கு வலி கண்டு இரண்டு நாள் ஆகியும் குழந்தை இறங்கவில்லை. மாமாவும் இன்னும் மூன்று பேரும் அவளைத் தூளியில் போட்டு, மூங்கிலில் கட்டி, விடியற்காலையில் மலை இறங்கினார்கள். உச்சிவேளைக்கு உங்கள் வாசலில் வைத்தார்கள். மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். நீங்கள் உடனே மூட்டைகளை இறக்கச் சொன்னீர்கள். அக்காவைப் பின்னால் வைக்கோல் மேல் படுக்க வைத்தார்கள். நீங்களும் கூடவே ஏறிக்கொண்டீர்கள்.

ராசிபுரம் போகும் வழியில், ஏரிக்கரையில், அக்கா தண்ணீர் கேட்டாள். காதர் பாய் வண்டியை நிறுத்தினார். தண்ணீர் கொடுத்த பிறகு, இறங்கிச் சுற்ற நேரமில்லை என்று ஸ்டார்ட்டரை மிதித்தார். திரும்பத் திரும்ப மிதித்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் என்னைப் பார்த்ததும் காதர் பாய் கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். "சோக்குக் கம்பி செவந்து தெறிச்சுருச்சுப்பா. அப்பறம் என்ன சுத்தியும் உசுரு வல்ல. என்ன கோளாறுன்னே தெரியல."

அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

வழியில் வந்த மாட்டுவண்டியில் ஏற்றி, பொழுது சாயும் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அக்கா பிழைத்துக்கொண்டாள். பையன் பிழைக்கவில்லை. மாட்டுவண்டி வரும்வரை நீங்களும் செருப்பை உதறிவிட்டு, தோள் கொடுத்து லாரியைத் தள்ளினீர்களாம். அக்காதான் சொன்னாள், சுவரைப் பார்த்துப் படுத்தபடி: "பாவம், வயசான மனுசன். வெயில்ல தள்ளுனாரு. தலைத்துண்ட அவுத்து எம்மேல போத்துனாரு சாமி." எனக்கு அதைக் கேட்கவே பிடிக்கவில்லை. உங்களை வெறுக்க எனக்கு மிச்சமிருந்த வசதியையும் அவள் பிடுங்கிக்கொள்வதுபோல இருந்தது.

பத்து நாள் கழித்து என்னைக் கூப்பிட்டனுப்பினீர்கள். லாரி கொட்டகையில் நின்றது. நீங்கள் தனியாக இருந்தீர்கள்.

"அந்தப் பட்டையக் கட்டிரு கண்ணு."

அன்றுதான் முதன்முறையாக உங்களை எதிர்த்துப் பேசினேன். "அன்னைக்கே சொன்னனுங்களே."

"என்னன்னு சொன்ன?" என் முகத்தையே பார்த்தீர்கள். "தொடோணும்னு சொன்ன. தொடாட்டி நடுரோட்டுல நின்னுபோகும்னு சொன்னியா?"

உங்களைப் பலமுறை வெறுத்திருக்கிறேன். அந்த நிமிஷம் வெறுத்த அளவுக்கு வேறு எப்போதும் வெறுத்ததில்லை. நீங்கள் சொன்னது உண்மை என்பதால்தான்.

பட்டை என் பையிலேயே இருந்தது. எடுத்துக் கட்டினேன். நீங்கள் நின்று பார்த்தீர்கள். டயர்த்துண்டுகளை எடுக்கச் சொல்லவில்லை. எடுக்கட்டுமா என்று நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் மலைக்காரர்கள் மூட்டைக்கு மேலேதான் போனார்கள். தலைத்துண்டு ஒரு நாளோடு சரி. அதையும் இங்கே எழுதிவைக்கிறேன், ஊர் உங்களைப் புகழ்கிற வேகத்தில் மறந்துவிடக் கூடாது.

வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்கள். உங்கள் பெரிய மகனும் கதர் கட்டிக்கொண்டு பேசுகிறார். இன்று காலை வேலை முடிந்ததும், வரும் வாரம் வேறு வண்டி வாங்கப்போவதாகச் சொன்னார். அதன் முன் சீட்டில் யார் யார் உட்காரலாம் என்று கேட்டேன். "அட போப்பா" என்று சிரித்தார். உங்கள் சிரிப்பேதான்.

டயர்த்துண்டுகளைக் குப்பையில் வீசிவிட்டேன். செம்புப் பட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். அதை மட்டும் அவர்களிடம் கொடுக்க மாட்டேன், அது என்னுடையது. உங்களை மன்னிக்கவில்லை. நீங்கள் கேட்கவும் இல்லை. அக்காவிடம் இன்றுவரை நான் சொல்லாதது ஒன்று இருக்கிறது. சொல்ல வாய் எடுக்கும் போதெல்லாம் அவள், "சேலத்துல நல்லாச் சாப்புடறயா கண்ணு?" என்று கேட்டுவிடுகிறாள்.

ஆனால் காதர் பாயிடம் போன வருஷம் சொல்லிவிட்டேன். அவர் நெடுநேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்விட்டார். இன்னும் என்னோடு பேசுவதில்லை.

சேலத்தில் இப்போது எத்தனையோ முதலாளிகளின் வண்டிகளைப் பார்க்கிறேன். உங்களைப்போலக் கண்ணு என்று கூப்பிட்டு வாசலிலேயே நிறுத்துகிறவர்களும் உண்டு, நாயைப்போல விரட்டுகிறவர்களும் உண்டு. கோபம் வந்தால் வேலையைப் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன், அந்தக் குணம் போகவில்லை. ஆனால் அதற்கு முன்னால் டிரைவரைத் தேடிப் போகிறேன். கோளாறு எங்கே, எதைத் தொடக்கூடாது, தொட்டால் வண்டி எப்படி நிற்கும் என்று சொல்லி, அவர் வாயால் ஒரு தரம் திருப்பிச் சொல்ல வைக்கிறேன். அதன் பிறகுதான் படி இறங்குகிறேன்.