முட்டு பிரிக்கும் நாளில் பிரியாணி

இன்று காலை குமுளி போகும் வழியில், ஜீப்புக்குள் நெய்யும் பட்டையும் ஆட்டுக்கறியும் சேர்ந்த வாசம் வந்தது. பார்க்காமலே தெரிந்துவிட்டது, யார் வீட்டிலோ வார்ப்பு. ஏலத்தோட்டத்து ஓரமாக ஒரு புது வீடு. மேலே கம்பி கட்டி ஆட்கள் நிற்கிறார்கள், கீழே தார்ப்பாய்க்கு அடியில் அண்டா ஏற்றியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் ரோட்டுக்கே ஓடிவந்து, "சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்று ஜீப்பை மறித்தார். முன்பின் தெரியாத மனிதர். வாயில் எச்சில் ஊற வேண்டிய நேரத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் பயந்துபோய் வழி விட்டுவிட்டார். எல்லாம் உன்னால்தான்டி.

நம் பக்கத்தில் தளத்துக்குக் கான்கிரீட் போடும் வார்ப்பு நாளைக் கல்யாணம் மாதிரி நடத்துவார்கள். உறவுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், பஞ்சாயத்து மெம்பர், வேலையாட்கள் எல்லாருக்கும் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டைப் பார்த்துப் பயந்த ஒரே பெண் நீயாகத்தான் இருப்பாய். "அண்டா அடுப்புல ஏறிட்டா அப்பறம் எவனும் நிறுத்துன்னு சொல்லமாட்டான்ட்டி" என்பாய். நான் சிரிப்பேன். பாலக்காட்டு ராவுத்தர் வீட்டுப் பெண்ணிடம் வந்து பிரியாணியைக் குறை சொல்லலாமா?

நாம் இரண்டு பேரும் அந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். தேவிகுளத்துக்குக் கீழே, மலைச்சரிவை வெட்டி ஒரு அறக்கட்டளை கட்டிய ஆஸ்பத்திரி. வேலையைச் சொன்ன தேதிக்கு முடிப்பது என் பொறுப்பு. வேலை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது உன் பொறுப்பு. என் அத்தாவுக்குப் பாலக்காட்டில் ஆணியும் கம்பியும் விற்கும் கடை. நீ பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, அம்மா கொழுந்து கிள்ளிய காசில் படித்தவள். நான் கத்துவேன், நீ முனகுவாய். நான் கத்தியதை யாரும் பொருட்படுத்தவில்லை. நீ முனகினால் மட்டும் மேஸ்திரிமார் கையிலிருந்த கொத்துக்கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்கள். அந்தப் பொறாமை எனக்கு இன்னும் இருக்கிறது.

முதல் தளத்து வார்ப்பு நாளை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. மழைக்காலம் தொடங்குவதற்குள் அந்தத் தளம் போட்டாக வேண்டும், இல்லையென்றால் வேலை நெடுநாள் கிடப்பில் விழும். அறக்கட்டளைப் பெரியவர்கள் கோட்டயத்திலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாயிற்று. என் மாமா பாலக்காட்டிலிருந்து அண்டாவோடு ஆள் கூட்டிவந்து, கறியை வேகவிட்டு, தம் போடத் தயாராக நிற்கிறார். அடிமாலிப் பக்கமிருந்து கான்கிரீட் ஏற்றிய லாரிகள் வளைவு வளைவாக ஏறி வந்து வாசலில் டிரம்மைச் சுழற்றிக்கொண்டு நிற்கின்றன. நீ தளத்துப் பலகைக்கு அடியில் புகுந்து, அதைத் தாங்கி நின்ற முட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு, முழங்காலெல்லாம் சேறாக வெளியே வந்தாய்.

"இன்னைக்கு வேணாம்ட்டி."

என் காதில் சரியாக விழவில்லை என்றுதான் நினைத்தேன்.

"பள்ளத்துப் பக்க முட்டு வரிசைக்குக் கீழ தண்ணி ஓடியிருக்கு. அது கொட்டி நெரப்புன மண்ணு. அடியில எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியல."

"இறங்கியிருக்கா?"

"இறங்கல."

"சாஞ்சிருக்கா?"

"இல்ல. தெரியலன்னுதான சொல்றேன்."

"அல்லாவே! தெரியலைங்கிறதுக்கா இத்தனை பேரைத் திருப்பி அனுப்பச் சொல்றே?"

உன் கையெழுத்து இல்லாமல் லாரிக்காரன் குழாயைத் திறக்க முடியாது. அது ஒப்பந்தத்தில் இருந்தது. நீ போட மாட்டேன் என்றுகூடச் சொல்லவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாய், அவ்வளவுதான். நம் மேனேஜர் கொச்சியிலிருந்து போனில் கத்திய கத்து ஸ்பீக்கர் போடாமலே எல்லாருக்கும் கேட்டது. கான்கிரீட் இறுகிப் போகும் என்று டிரைவர்கள் ஒரு பக்கம். கடைசியில் அவ்வளவையும் ஆஸ்பத்திரிக்கு வரும் மண்பாதையில் கொட்டித் தேய்க்கச் சொன்னேன். பெரியவர்கள் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கார் ஏறினார்கள். மாமா மட்டும் என் காதோரம், "ஏன்மா, உன் கூட்டாளிக்கு என் மேல ஏதும் வருத்தமா?" என்று கேட்டார்.

சாயங்காலம் வரை அந்த வரிசைக்குக் கீழே தோண்டிப் பார்த்தோம். ஈரம் மேலாக மட்டும்தான் இருந்தது. அடியில் நல்ல இறுக்கமான மண், அதற்கும் கீழே பாறை. ஒரு முட்டுகூட அசைந்திருக்கவில்லை. குழியைப் பார்த்தபடி நான் கேட்டேன், "ஒன்னும் இல்லைல்ல? இப்ப என்ன சொல்றே?"

நீ சேற்றுக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "ஒன்னும் இல்லன்னு இப்பத்தான தெரியுது. காலைல தெரியலல்ல."

உன்னை அடிக்கலாமா என்று இருந்தது. ஏதாவது ஒரு முட்டு சரிந்திருந்தால் உன்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பார்கள். அன்று எதுவும் ஆகாததால் நீ எல்லார் கண்ணுக்கும் வேண்டாதவள் ஆகிவிட்டாய். நம் தொழிலில் இது ஒரு பெரிய அநியாயம். நிற்கிற கட்டடத்தைப் பார்த்து, இது யாரால் நிற்கிறது என்று எவரும் கேட்பதில்லை.

மறுநாளே உன்னை வேலையை விட்டு எடுக்கப் பேச்சு எழுந்தது. மேனேஜர் நேரில் வந்து, "பயந்தாங்கொள்ளியை வச்சு மலையில வேலை பாக்க முடியாது" என்றார். உன் அப்பா படுக்கையில் இருந்தார், உன் சம்பளத்தில்தான் வீடு ஓடியது, எனக்குத் தெரியும். நீ தலை குனிந்து உட்கார்ந்திருந்தாய். எனக்கு உன்மேல் இருந்த கோபம் முழுவதும் அப்படியே அவர்மேல் திரும்பியது. "சார், அவ கான்கிரீட்டே வேணாம்னு சொல்லல, நேத்து வேணாம்னுதான் சொன்னா. நாமதான் கான்கிரீட்டையும் விருந்தையும் ஒரே நாள்ல வச்சிட்டோம். சாப்பாட்டைத் தள்ளி வைங்க, அவளைத் தள்ள வேணாம். அவ போனா நானும் போறேன்" என்றேன். நீ என்னை முறைத்தாய். யார் உன்னைக் கேட்டது என்பது போல.

அதற்குப் பிறகு நம் சைட்டில் வார்ப்பு நாளில் பாலில்லாத கட்டஞ்சாயாவும் பருப்புவடையும் மட்டும். தளம் இறுகி, முட்டுகளையெல்லாம் பிரித்து, கீழே நின்று நிமிர்ந்து பார்க்கிற நாளில்தான் பிரியாணி. முதலில் யாருக்கும் பிடிக்கவில்லை. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து மேஸ்திரி தலையைச் சொறிந்தார்: "ஏனுங் மேடம், வார்ப்புக்குச் சோறு போடலீன்னா ஆளு வருமுங்களா? ஊட்டுக்குப் போயி என்னன்னுங்க சொல்றது?" முட்டு பிரிக்கும் நாளில் வீட்டுக்காரியையும் கூட்டிவாருங்கள் என்று சொன்னேன். வந்தார்கள். புதுத் தளத்துக்கு அடியில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். தங்கள் தலைக்கு மேலே இருப்பதை நம்பித்தானே அவரவர் குடும்பத்தை அங்கே உட்கார வைத்தார்கள். அன்றுமுதல் முட்டு நிறுத்தும்போதே மேஸ்திரி இரண்டு தடவை பார்க்க ஆரம்பித்தார்.

நான் பெருமையாக உன்னிடம் சொன்னேன், "இனி நீ தைரியமா நிக்க வேண்டிய அவசியமே இல்லை, பாத்தியா?"

"ஆமா, என் வேலைக்கு உலை வச்சுட்ட" என்றாய். பிறகு இலையில் இருந்த முட்டையை எடுத்து என் இலையில் வைத்தாய். நீ நன்றி சொன்னது அப்படித்தான்.

மேல்தளம் போட்டுக்கொண்டிருந்தபோது உன் மார்பில் கட்டி வந்திருக்கிறது. அதை நீ என்னிடம் சொன்னது முற்றிப்போன பிறகுதான். எப்போதிலிருந்து என்று கேட்டேன். "இந்த வார்ப்பு முடியட்டும், அந்த வார்ப்பு முடியட்டும்னு விட்டுட்டேன்ட்டி. ஒன்னுமா இருக்காதுன்னு நெனச்சேன்" என்றாய். நீ படுத்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தே உன்னைத் திட்டினேன். நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொல்லும் வரை திட்டினேன். ஊரில் எவன் "ஒன்னும் இருக்காது" என்று சொன்னாலும் விடமாட்டாயே, குழி தோண்டிப் பார்க்கச் சொல்வாயே, உன் உடம்பு மட்டும் என்ன, யார் வீட்டுக் கட்டடம்? நீ சிரித்தாய். சிரிக்கவே உனக்கு மூச்சு வாங்கியது. நான் அழுதுகொண்டே சுவரோரம் போய் நின்றேன்.

நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். இப்போது நான் பீர்மேட்டில் ஒரு பள்ளிக்கூடக் கட்டட வேலையில் இருக்கிறேன். தேதி பார்க்கும் வேலையை விட்டுவிட்டு உன் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். போன மாதம் ஒரு வார்ப்பை நிறுத்தினேன். தோண்டிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை. அன்று முழுக்க ஆட்கள் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்கள். உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மறுநாளும் அதே ஆட்களிடம் போய், அதே மாதிரி முனகுவதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும்! நான் முனகவில்லை, கத்தினேன். எனக்கு வருவதுதானே வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலையில் அந்த வீட்டுக்காரரைத் தாண்டி நான் போனது குமுளி ஆஸ்பத்திரிக்கு. குளிக்கும்போது என் மார்பில் ஏதோ கையில் தட்டுப்பட்டு, அன்றைக்கே ஓடிப்போய்ப் பரிசோதனை செய்துகொண்டேன். இன்று முடிவு வரும் நாள். பள்ளியில் வேலை தலைக்கு மேல் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சாதாரணக் கொழுப்புக் கட்டி. வீணாப் பயந்துட்டீங்க" என்றார்.

"வீண் இல்லை டாக்டர்" என்றேன். அவருக்கு விளங்கியிருக்காது.

வெளியே வந்து ஜீப்பில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து, உன் பெயரைச் சொல்லி அழுதேன். வீணாகப் பயந்துவிட்டாய் என்று உன்னையும் யாராவது ஒருவர் பார்த்துச் சிரித்திருக்கலாமே, பாவி.