நஸீர், உன் கார் ரேஸ் இப்போது நூறில் ஓடுகிறது

என் நஸீர் மச்சானுக்கு, சண்டை பிடிக்க ஆளில்லாமல் தவிக்கிற நேசன் எழுதுவது.

முதலில் சிரித்துவிட்டு வா. போன ஞாயிறு, உன் மகள் ரிஸ்னாவுக்கு முன்னால், லாப்டாப்பின் பக்கத்து ஓட்டையில் வாயை வைத்து 'பூ' என்று ஊதினேன். கேம் கசற் வேலை செய்யாவிட்டால் நீ ஊதுவாயே, அதேமாதிரி, இரண்டு கன்னத்தையும் உப்பவைத்து. எச்சில் மேசையெல்லாம் தெறித்தது. இரண்டு தரம் ஓ.எல். பரீட்சை எடுத்து இரண்டு தரமும் கணக்கில் கோட்டை விட்ட மூளைக்கு வேறு என்ன வைத்தியம் தெரியும்?

"மாமா! இது கசற் இல்ல, லாப்டாப்!" என்று கத்தினாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவள் எதை நினைத்தாள் என்று எனக்கு விளங்கியது. உன் கடைசி வருஷத்தில், வீட்டில் கரண்ட் போய் வந்தபோது, மேசையில் எரிந்த மெழுகுதிரியை, அவளும் நானும் பார்க்க, நீ மூன்று தரம் ஊதினாய். சுடர் ஆடியது, அணையவில்லை. "பம்பில காத்து இல்ல மச்சான்" என்று பகிடி விட்டாய். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு என் கன்னத்தில் ஒன்று போட ஆள் தேடுகிறேன்.

நான் உன்னோடு கோபம். செத்து ஏழு மாதம் ஆகிவிட்டது, செத்தவனோடு என்ன கோபம் என்று சனம் கேட்கும். கேட்கட்டும். ஒவ்வொரு நாளும் காலையில் பல் விளக்கும்போது தொடங்குகிற கோபம் இது.

உனக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறேன், வாசிக்கிறவர்களுக்காக. துறைமுகக் கரையில் பைபர் போட் கட்டுகிற ஒரு சின்ன யார்ட்டில் நாங்கள் இரண்டு பேரும் பத்தொன்பது வருஷம். நீ கட்டின போட்டைத் தேய்த்து மழமழப்பாக்குகிறவன், நான் ஸ்டோர்காரன். தேய்க்கும்போது பறக்கிற வெள்ளைத் தூள் உன் கண்ணிமையில் கூட நிற்கும். மத்தியானம் சோறு தின்ற பிறகு முகத்தைக் கழுவிவிட்டு என் ஸ்டோர் அறைக்கு வருவாய். பழைய டீவி, நீ கிண்ணியாவிலிருந்து பையில் கட்டிக்கொண்டு வந்த கேம் பெட்டி, ஒரு கார் ரேஸ். நீ முதலாவது வருவாய். நான் மூன்றாவது வளைவில் மதிலில் மோதுவேன். பத்தொன்பது வருஷமும் அதே வளைவு, அதே மதில்.

கேம் பெட்டி உப்புக் காற்றில் துருப்பிடித்துச் செத்தது. நீ தூளில் செத்தாய். நெஞ்சுப் படத்தைப் பார்த்த டொக்டர் அதைத்தான் சொன்னார். பீடி கூடக் குடிக்காத மனிசன் நீ.

சரி, ரிஸ்னாவின் கதைக்கு வருகிறேன். இரண்டு கிழமைக்கு முன்னம் கிண்ணியாப் பாலம் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கொம்பியூட்டர் படிக்கிற பிள்ளை, உன் கை அவளுக்கு. நாங்கள் ஓடின அதே கார் ரேஸை எங்கேயோ தேடிப் பிடித்து, என் மகள் எனக்கு விட்டுப்போன பழைய லாப்டாப்பில் ஏற்றித் தந்தாள்.

"வாப்பா ஓடினத நான் சின்னதில பாத்தது, ஞாபகமில்ல மாமா. நீங்க ஒருக்கா ஓடிக் காட்டுங்க" என்றாள்.

அதோடு விட்டிருந்தால் நல்லது. பையைத் தோளில் போட்டபடி இன்னொன்றும் கேட்டாள்.

"மாமா, மையத்து வீட்டுக்கு வந்த உங்கட முதலாளி கதிரையில இருந்து ஆக்களுக்குச் சொல்லியிரிக்கார், மாஸ்க் குடுத்தனான், நஸீர்தான் தலைக்கனத்தில போடேல்ல எண்டு. நீங்கதானே ஸ்டோர். வாப்பா தன்ர பிழையாலயா மாமா மௌத்தானவர்?"

பதில் எனக்குத் தெரியும். முதலாளியை விட்டால், உயிரோடு இருக்கிறவர்களில் முழுப் பதிலும் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இது முதல்ல ஓடட்டும் பிள்ளை. ஓடின கையோட எல்லாம் சொல்றன்."

அந்த லாப்டாப் ஓடவே இல்லை, மச்சான். ஓடியது, ஆனால் மாட்டு வண்டி மாதிரி. பாட்டு, கரண்ட் குறைந்த நேரம் கோயில் ஸ்பீக்கர் அழுவதுபோல இழுத்தது. நான் ஒரு கிழமை அதோடு மல்லுக்கட்டினேன். கேமின் செற்றிங்ஸில் எதையெல்லாம் கூட்டலாமோ அதையெல்லாம் கூட்டி வைத்தேன். கூட என்றால் நல்லது என்பதுதானே என் படிப்பு. 'உங்கள் கொம்பியூட்டரை வேகமாக்கும்' என்று சொன்ன மூன்று சாமான்களை இன்டர்நெட்டிலிருந்து இறக்கிப் போட்டேன். மெசின் இன்னும் மெல்லமாகியது. மேசையில் அடித்தேன், தூஷணம் பேசினேன். என் மனுசி குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "அது லாப்டாப், உங்கட முதலாளி இல்ல. அதுக்கு ஏசுறதில என்ன பிரயோசனம்?" என்றாள்.

ஞாயிறு ரிஸ்னா திரும்ப வந்தாள். நான் ஊதினதும் அன்றுதான். என்னை ஒரு பக்கம் அரக்கி இருத்திவிட்டு அவள் முன்னால் இருந்தாள்.

"மாமா, மூலையில ஒரு நம்பர் இரிக்கே, அது நூறு எண்டாத்தான் சரியான வேகம். இப்ப அம்பத்தெட்டு. பழைய கேம் பெட்டி செஞ்ச வேலைய இந்தக் கொம்பியூட்டர் நடிச்சுக் காட்டுது. அது களைச்சா நடிப்பும் மெல்லமாகும்."

"அம்பத்தெட்டிலயே ஒருக்கா ஓடிப் பாக்கிறன், விடு" என்றேன்.

கேள் மச்சான், நான் முதலாவது வந்தேன்! மூன்றாவது வளைவு ஆடி அசைந்து வந்தது, நான் ஆறுதலாகத் திருப்பினேன். கதிரையை விட்டு எழும்பி, "டேய் நஸீர், பாத்தியாடா!" என்று கத்தியே விட்டேன்.

"மாமா, எல்லாக் காரும் நித்திரையில போகுது. இந்த வேகத்தில எங்கட உம்மம்மாவும் முதலாவது வருவா" என்றாள் உன் மகள். நாக்கும் உன்னுடையதுதான்.

பிறகு வேலையைத் தொடங்கினாள். நான் இறக்கி வைத்த மூன்று வேகக்காரரையும் துரத்தினாள். படத்தை அழகாக்க நான் கூட்டி வைத்ததையெல்லாம் குறைத்தாள். எழுபத்தொன்று. "சார்ஜர் எங்க?" என்றாள். சார்ஜ் ஏறின கையோடு கழற்றி அலுமாரிக்குள் பத்திரமாக வைத்திருந்தேன், கரண்ட் ஏறி இறங்கினால் பழுதாகும் என்று. "பற்றரியில ஓடினா அது சக்திய மிச்சம் பிடிக்கத்தான் பாக்கும் மாமா" என்று சொல்லி, சார்ஜரைக் கொளுவி, எதையோ மாற்றினாள். நம்பர் நூறுக்குப் போய் நின்றது. பாட்டு நிமிர்ந்தது. அதே பாட்டு! நான் கதிரையைப் பின்னுக்கு இழுத்தேன்.

பாட்டுக்காக மட்டும் என்று நினைக்காதே. ஓடின கையோடு சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேனே. அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். வாயைத் திறக்கப் போனாள்.

அந்த நேரம் நம்பர் விழத் தொடங்கியது. தொண்ணூறு. எழுபது. நாற்பத்தைந்து. பாட்டு மறுபடியும் இழுத்தது. நான் சந்தோசப்பட்டேன், நஸீர். உன் பிள்ளை அவ்வளவு பாடுபட்ட மெசின் திணறுவதைப் பார்த்து, 'அப்பாடா' என்று உள்ளுக்குள் மூச்சு விட்டேன். நீ இருந்திருந்தால் என்னை எதால் அடித்திருப்பாய்?

அவள் விடவில்லை. "தொடங்கக்குள்ள நல்லா ஓடி, பத்து நிமிசத்தில விழுந்தா அது சூடு மாமா" என்று சொல்லிக்கொண்டு கையை அடியில் வைத்தாள். "அல்லாஹ்! தோசைக்கல்லு மாதிரிச் சுடுது!"

லாப்டாப்பைத் தூக்கினாள். அதன் அடியில் என் மனுசி பின்னின லேஸ் துணி. துணிக்கு மேலே, லாப்டாப்பின் அடிப்பக்கம் முழுக்க பொலித்தீன். வாங்கும்போது வந்த அதே பொலித்தீன். திரையும் கீபோர்டும் பக்கத்து ஓட்டைகளும் மட்டும் வெளியில் தெரிய வெட்டி, மிச்சத்தைச் சுற்றிவர டேப் போட்டு ஒட்டி வைத்திருந்தேன்.

"இது என்ன மாமா?"

"உப்புக் காத்து பிள்ளை. சாமான் பழுதாப் போகும்."

"அது மூச்சு விடுற ஓட்டை எல்லாம் அடியிலதான் இரிக்கு. பழுதாகக் கூடாதெண்டு மூடி வச்சே சாகடிக்கப் பாத்திரிக்கீங்க."

அவள் லாப்டாப்பைத்தான் சொன்னாள். நான் டேப்பின் நுனியை நகத்தால் சுரண்டினேன்.

கத்தரிக்கோலால் பொலித்தீனை வெட்டி எறிந்தாள். ஓட்டையில் படிந்திருந்த தூசியைப் பார்த்து நான் குனிந்தபோது, "ஊதாதீங்க!" என்று அதட்டிவிட்டு, பெயின்ற் பிரஷ் கேட்டு வாங்கி மெல்லத் தட்டினாள். நாலு மூலைக்கும் நாலு சோடா மூடி வைத்து உயர்த்தினாள். ஃபேன் காற்றில் ஆறவிட்டுத் தேத்தண்ணி குடித்தோம். அந்தக் கால் மணித்தியாலம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

பிறகு ஓடினோம். பத்து நிமிசம், இருபது நிமிசம், அரை மணித்தியாலம். நூறு நூறாகவே நின்றது. நான் மூன்றாவது வளைவில் மதிலில் மோதினேன். திரும்ப ஓடினேன், திரும்பவும் மோதினேன். ரிஸ்னா கண்ணீர் வரச் சிரித்தாள். "வாப்பா பொய் சொல்லேல்ல! நேசன் மாமா இந்த இடத்தில கட்டாயம் மோதுவார் எண்டவர்!"

கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னாள், "இப்ப ஓடுது மாமா."

அவ்வளவுதான் சொன்னாள்.

"நேரம் போச்சு பிள்ளை, நாலரை பஸ்ஸப் பிடி. உம்மா தேடுவா" என்றேன் நான். உன் மச்சான். ஸ்டோர்காரன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். என் மனுசி தேத்தண்ணிக் கோப்பைகளை எடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது சொல்கிறேன், ஏன் உன்னோடு கோபம் என்று. எந்த மெசினைக் கண்டாலும் கழற்றிப் பார்க்கிறவன் நீ. என் ஸ்டோர் அலுமாரிக்கு ஒரு சின்னப் பூட்டுத்தானே போட்டிருந்தேன்? ஒரு ஸ்குரூ டிரைவரே போதாதா உனக்கு? ஏன் உடைக்கவில்லை? ஏன் கிழிந்த சாரத்துத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு தேய்க்கப் போனாய்? ஏன் என் சட்டையைப் பிடித்து உலுக்கவில்லை? மரியாதை என்ன மரியாதை? கூட்டாளியின் வேலை போய்விடும் என்று நினைத்தாயா? அந்தப் பெருந்தன்மைக்கு யார் உன்னைக் கேட்டது?

முதலாளியோடும் கோபம். மாஸ்க் கொடுத்தாராம்! ஒரே ஒரு பெட்டி வந்தது, இரண்டு பக்கமும் வட்ட மூடி வைத்த நல்ல மாஸ்க் பன்னிரண்டு. "ஆரும் ஆக்கள் யார்ட்டப் பார்க்க வந்தா எடுத்துக் குடு நேசன். மற்ற நேரம் நாறடிச்சுப் போடாத" என்று என் கையில் தந்தார். நான் என்ன செய்தேன்? சாமானைப் பேணுகிறதில் என்னை மிஞ்ச ஆளில்லையே. பெட்டியைப் பொலித்தீனில் சுற்றி, டேப் போட்டு, அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பை இடுப்பில் கொளுவினேன். இன்றைக்கும் ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறது. புத்தம் புதுசு.

நீ மூன்றாவது தரம் கேட்ட நாள் ஞாபகமிருக்கிறதா? தேத்தண்ணி நேரம். எல்லாரும் நின்றார்கள். "மச்சான், அதில ஒண்டத் தாவன்டா, இருமல் கூடிப்போச்சு" என்றாய். நான் பகிடிக்காரன் அல்லவா? "ஏன்டா, உன்ர முகத்த மூடித்தான் ஆகவேணும் எண்டு பொண்டாட்டி சொன்னவளோ?" என்றேன். யார்ட்டே சிரித்தது. நீயும் சிரித்தாய். சிரித்து, இருமி, தேய்க்கப் போனாய். அதன் பிறகு நீ கேட்கவே இல்லை.

என்னோடு எனக்கு இருக்கிற கோபத்தை எந்த அலுமாரியில் வைத்துப் பூட்டுவது?

இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுக்கப் போகிறேன். முதலாளி வாசிப்பார். வாசிக்கட்டும். வேலை போனால் போகட்டும், வீட்டில் இருந்து மூன்றாவது வளைவைப் பழகுகிறேன். ஆனால் ரிஸ்னா இதைப் பேப்பரில் வாசித்து அறியக்கூடாது. அதனால் உனக்கு வாக்குத் தருகிறேன்: இது வெளிவருவதற்கு முன், வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு கிண்ணியாவுக்குப் போவேன். அந்தப் பெட்டியைக் கையில் கொண்டு போவேன். உன் வீட்டு மேசையில் வைத்து, அவளும் அவள் உம்மாவும் பார்க்க, பொலித்தீனை நானே கிழிப்பேன். பிறகு, ஞாயிறு நாலரை பஸ்ஸுக்கு முன்னம் என் தொண்டைக்குள் நின்று வெளியில் வராமல் போனதைச் சொல்வேன்:

"வாப்பா கேட்டவர் பிள்ளை. மூண்டு தரம் கேட்டவர். திறப்பு என்ர இடுப்பிலதான் இருந்தது."

உன் கூடப் பிறவாத,
உன்னைக் காப்பாற்றாத மச்சான்,
நேசன்